அதெல்லாம் தாங்கும்ணே!

தமிழ்நாட்டில் முத்திரையும் கையெழுத்தும் இல்லாத, ஆனால் எந்த அதிகாரியும் எளிதில் மறுக்காத சான்றிதழ் ஒன்று உண்டு. “அதெல்லாம் தாங்கும்ணே” என்பதுதான் அதன் முழு வாசகம். மேடை போட்டவர் வாயால் வழங்குவார், போடச் சொன்னவர் காதால் பெற்றுக்கொள்வார், பாதுகாப்புக்கு வந்த காவலர் பார்த்தும் பார்க்காமலும் தலையை ஆட்டுவார். முடிந்தது. அந்த மேடைமேல் நூறு பேர் ஏறலாம்.

வடசென்னையில் பேசின் பிரிட்ஜைச் சுற்றி, புளியந்தோப்போ வியாசர்பாடியோ மூலக்கொத்தளமோ, ஏதாவது ஒரு தெருவில் பொதுக்கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். கொடியின் நிறம்தான் மாறும், மேடை அதேதான். பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே அதே மேடைதான். நேற்று ஆளுங்கட்சியைச் சுமந்த இரும்புக் கால்கள் இன்று எதிர்க்கட்சியைச் சுமக்கின்றன, நாளை அம்மன் கோயில் இன்னிசைக் கச்சேரியையும் மறுநாள் பள்ளி ஆண்டு விழாவையும் சுமக்கும். கொள்கை வேறுபாடு பார்க்காமல் உழைப்பவை இந்த நாட்டில் அந்தக் கால்கள் மட்டும்தான். அதற்கு அவற்றுக்குக் கிடைக்கும் மரியாதையை, சாமான் வந்து இறங்கும்போது பார்க்க வேண்டும்.

மினி லாரி வந்து நிற்கும். குழாய்களை இறக்க மாட்டார்கள், எறிவார்கள். ‘டமார்’ என்று ஒன்று, அதன்மேல் இன்னொன்று. அந்த ஒவ்வொரு ‘டமாரி’லும் ஏதோ ஒரு வெல்டிங் பற்று விடுகிறது. குவியலிலிருந்து ஒரு காலை எடுத்துப் பாருங்கள். தரையில் உட்கார வேண்டிய அடித்தகடு ஒரு பக்கமாக மடங்கியிருக்கும். பூட்டுப் பின் இருக்க வேண்டிய துளையில் கட்டுக்கம்பியை முறுக்கி விட்டிருப்பார்கள். பற்றவைப்பு விட்ட இடத்தில் சில்வர் பெயின்ட் பளபளக்கும். வடசென்னையில் துருவுக்கு மருந்து பெயின்ட்தான். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டியே போகிற இந்த வட்டாரத்தின் உப்புக்காற்று, குழாயை வெளியே மட்டும் தின்பதில்லை, உள்ளேயும் தின்கிறது. வெளியே புதுமாப்பிள்ளைக் கோலம், உள்ளே அரைவாசி கனம். சுத்தியலால் தட்டினால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் சுத்தியலுக்கு அங்கே வேறு வேலை இருக்கிறது, வளைந்த குழாயை நிமிர்த்துவது. வளைந்து நிமிர்ந்த குழாய் பழைய பலத்தோடு இருக்காது என்பது பட்டறையில் எடுபிடி வேலை பார்க்கும் பையனுக்கும் தெரியும்.

அடுத்தது பலகை. மழையில் ஊறி வெயிலில் காய்ந்து மறுபடி ஊறிய பிளைவுட்டின் ஓரங்கள் பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்திருக்கும். அவற்றை வரிசையாகப் பரப்பி, மேலே சிவப்புக் கம்பளம் விரிப்பார்கள். கம்பளம் விரித்ததும் பராமரிப்புப் பணி இனிதே நிறைவுற்றது.

கம்பளத்தின் மேல் வட்டச் செயலாளர் ஏறி நின்று பார்ப்பார். மேடை லேசாக அசையும்.

“இன்னா நைனா, ஆடுது?”

“வெயிட் வந்தா செட்டாயிடும்ணே.”

“தலைவர் நிக்கிற எடம்?”

“அங்க நல்ல பலகையா பாத்துப் போட்டுருக்கேன்ணே. அதெல்லாம் தாங்கும்.”

இந்த உரையாடலைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். நல்ல பலகை எது என்று அவருக்குத் தெரியும். அப்படியானால் கெட்ட பலகை எது என்பதும் தெரியும். அதையும் தூக்கிப் போடவில்லை, மேடையிலேயேதான் போட்டிருக்கிறார். அதன்மேல் நிற்கப்போவது யார்? சால்வைத் தட்டை ஏந்தி வரும் மகளிரணி அக்கா, பின்வரிசையில் நிற்கும் வட்டப் பிரதிநிதி, கேமராவைக் கண்ணில் வைத்தபடி பின்னாலேயே நடக்கும் போட்டோகிராபர், தண்ணீர் பாட்டில் கொடுக்க ஓடும் பையன். சமூகநீதியைப் பற்றி மூன்று மணி நேரம் பேசப்போகிற மேடையில், பலகை போடும்போதே வருணாசிரமம் வந்துவிட்டது.

பந்தல்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போவது எளிது, அதில் நியாயமில்லை. அவர் கணக்கு நோட்டைப் பார்த்தால் தெரியும். ஆடியில் கூழ் ஊற்றும் விழா, ஆவணியில் பிள்ளையார், அப்புறம் தலைவர்களின் பிறந்த நாள், நினைவு நாள், கண்டன நாள், வெற்றி விழா, வெற்றி பெறாததற்கு நன்றி அறிவிப்பு. அந்த இரும்புக்கு ஓய்வே இல்லை. எல்லாவற்றையும் இறக்கி, பிரித்து, தேய்த்து, பழுதானதைக் கழித்துப் போட ஒரு வாரம் வேண்டும், அதற்குக் காசும் வேண்டும். காசோ பெரும்பாலும் பாக்கியில் நிற்கிறது. “அண்ணே, போன கூட்டத்துக்கே இன்னும்…” என்று ஆரம்பித்தால், “ஆட்சிக்கு வந்ததும் பாத்துக்கலாம்பா” என்பார்கள். ஏற்கெனவே ஆட்சியில் இருப்பவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். மேடையின் பின்னணியில் வைக்கும் ராட்சத எல்.இ.டி. திரைக்கு முன்பணம் கொடுக்கும் கை, அந்தத் திரையைத் தாங்கும் கிளாம்புக்கு நட்டு வாங்க நடுங்குகிறது. நட்டு புகைப்படத்தில் தெரியாதே.

மேடை ஏன் சரிகிறது என்பதில் ஒரு மர்மமும் இல்லை. கட்டடங்கள் எவ்வளவு எடையைத் தாங்க வேண்டும் என்பதற்கு, 1987-இல் திருத்தப்பட்ட இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 இருக்கிறது. நிலையான இருக்கைகள் இல்லாத கூட்ட இடம் சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன் தாங்க வேண்டும் என்கிறது அது, அதாவது சுமார் 500 கிலோ. 40 அடிக்கு 20 அடி மேடை என்றால் 37 டன். நூறு பேரின் எடை 7 டன்தான். கணக்குப்படி பார்த்தால் சொகுசாகத் தூங்கலாம்.

ஆனால் நம் ஆட்கள் கணக்குப்படி நிற்பதில்லை. தலைவர் படியேறியதும் மேடையில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே மூலைக்குப் பாய்வார்கள். ஆளுயர மாலைக்குள் தலையை நுழைக்க ஒரு தள்ளு, வீரவாள் கொடுக்க ஒரு தள்ளு, செல்ஃபிக்கு ஒரு தள்ளு. எடை கீழ்நோக்கி அழுத்துவதைக் கால்கள் பொறுத்துக்கொள்ளும். பக்கவாட்டில் தள்ளும்போதுதான் மேடை சாய்கிறது. அதைத் தடுக்கத்தான் கால்களுக்கு நடுவே குறுக்குக் கம்பிகளைப் பெருக்கல் குறிபோலக் கட்டுவார்கள். நம் மேடைகளின் அடியில் குனிந்து பாருங்கள், அந்தக் கம்பிகளில் பாதி இருக்காது. “ஒயர் இழுக்கறதுக்குத் தடையா இருந்துச்சுண்ணே” என்று கழற்றியிருப்பார்கள். இல்லாவிட்டால், எடுத்து வர மறந்திருப்பார்கள்.

கால் ஊன்றும் தரையையும் சொல்ல வேண்டும். குடிநீர்க் குழாய்க்கு ஒரு முறை, மின்கேபிளுக்கு ஒரு முறை, மழைநீர் வடிகாலுக்கு ஒரு முறை என்று தோண்டித் தோண்டி மூடிய தெரு. ஒரு கால் பழைய தார்மேல், இன்னொரு கால் போன மாதம் மண்போட்டு மூடிய பள்ளத்தின்மேல், மூன்றாவது கால் வடிகால் மூடியின்மேல். உயரம் சரிப்படுத்தத் திருகு ஜாக்கி என்று ஒன்று இருக்கிறது. அது துருவில் இறுகிப்போனதால் உடைந்த செங்கலும் டைல்ஸ் துண்டும் மடித்த அட்டைப்பெட்டியும் முட்டுக்கொடுக்கின்றன. தமிழர்களின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் உரைகள் பிஸ்கட் அட்டைப்பெட்டியின் மேல்தான் நிற்கின்றன.

முன்பும் இந்த வட்டாரத்தில் மேடைகள் இருந்தன. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இங்கிருந்து கூப்பிடு தூரத்து பின்னி ஆலைத் தொழிலாளர்களிடையேதான். 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்தது ராயபுரம் ராபின்சன் பூங்காவில். அந்தக் காலத்து மேடையில் பேசுகிறவர்கள் இருந்தார்கள், கேட்கிறவர்கள் கீழே இருந்தார்கள். இன்று மேடையில் இடம்பிடிப்பதே ஒரு பதவி. அழைப்பிதழில் பெயர், மேடையில் நாற்காலி, கேமரா சட்டகத்துக்குள் முகம், இந்த மூன்றும் கிடைக்காதவன் மாவட்டச் செயலாளரிடம் கோபித்துக்கொள்கிறான். அவனைச் சமாதானப்படுத்த இன்னொரு வரிசை நாற்காலி போடுகிறார்கள். மேடையின் பாரம் ஏறியதற்கும் கொள்கைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

விழாமலேவா இருக்கின்றன? 2025 ஜனவரி 28 அன்று உத்தரப் பிரதேசம் பாக்பத் மாவட்டத்தின் பராவத்தில் சமண விழாவுக்குப் போட்ட தற்காலிக மரமேடை சரிந்து 7 பேர் செத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில் டெல்லி கால்காஜி கோயிலில் பாட்டுக் கேட்க ஏறியவர்களோடு மேடை சாய்ந்து ஒரு பெண் இறந்தார். 2024 டிசம்பர் 29 அன்று கொச்சியில் நாட்டியத்தில் கின்னஸ் சாதனை படைக்கும் விழா. தற்காலிக முக்கியஸ்தர் மேடையிலிருந்து உமா தாமஸ் எம்.எல்.ஏ. ஏறத்தாழ 15 அடி கீழே விழுந்து தலையில் பலத்த காயமடைந்தார். உறுதியான தடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, நாடா கட்டிய குட்டைக் கம்பங்கள். நாடா என்பது வெட்டித் திறந்து வைப்பதற்கு, பிடித்துக்கொள்வதற்கு அல்ல என்று விழா நடத்தியவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

மெக்சிகோவில் 2024 மே மாதம் தேர்தல் கூட்ட மேடை காற்றில் சரிந்து 9 பேர் இறந்தார்கள். வேட்பாளர் தப்பித்தார். அமெரிக்காவின் இந்தியானா மாநிலக் கண்காட்சியில் 2011 ஆகஸ்ட் 13 அன்று மேடைக் கூரை விழுந்து 7 பேர் இறந்தபோது ஒரு விஷயம் வெளியே வந்தது: தற்காலிக மேடைகளைச் சோதிக்க அந்த மாநிலத்தில் விதியே இல்லை. அவர்கள் அடுத்த ஆண்டே விதி கொண்டுவந்தார்கள். நாம் அடுத்த ஆண்டு நினைவஞ்சலிக் கூட்டம் போடுவோம். அதற்கும் மேடை வேண்டும். பந்தல்காரர் வருவார்.

2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் மேடை விழவில்லை. மேடையே வேண்டாம் என்று பேருந்தின்மேல் ஏறி நின்று பேசிய கூட்டத்தில் 41 பேர் நசுங்கிச் செத்தார்கள். அதன்பிறகு நெறிமுறை, வழிகாட்டுதல், நீதிமன்றம், விசாரணைக் குழு, சி.பி.ஐ. என்று நாடே பேசியது. பேசட்டும், பேச வேண்டியதுதான். ஆனால் மூன்றே நாள் கழித்து, செப்டம்பர் 30 அன்று, இதே வடசென்னையில் எண்ணூர் அனல்மின் திட்டக் கட்டுமானத்தில் உயரத்திலிருந்த இரும்புச் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். அசாமிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களும் ஒரு தற்காலிக மேடையின்மேல்தான் நின்றுகொண்டிருந்தார்கள். குழாய், தகடு, பலகை என்று இரண்டுக்கும் ஒரே குலம், ஒரே கோத்திரம். அதன்மேல் ஏறி நின்றவர்களுக்கு மைக் இல்லை, மாலை இல்லை, இந்த மாநிலத்தில் ஓட்டும் இல்லை. இரங்கல் அறிக்கை வந்தது, நிதி அறிவிப்பு வந்தது, வாரம் முடிவதற்குள் செய்தி உள்பக்கத்துக்குப் போய்விட்டது. எங்கேயாவது ஒரு தலைவர், ஒரே ஒரு தலைவர், “நான் ஏறும் மேடையைச் சோதிப்பதுபோல அவர்கள் ஏறும் சாரத்தையும் சோதியுங்கள்” என்று மேடை ஏறிச் சொன்னாரா? என் காதில் விழவில்லை.

சோதிக்கத் தெரியாத அரசு அல்ல இது. முதலமைச்சர் வருகிறார் என்றால் பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் வந்து மேடையின் காலை ஆட்டிப் பார்க்கிறார்கள், உறுதிச்சான்று எழுதுகிறார்கள். தீயணைப்புத் துறை வருகிறது, மின் ஆய்வாளர் வருகிறார், மோப்ப நாய் வந்து மேடைக்கு அடியில் புகுந்து பார்க்கிறது. அந்த நாய் பார்க்கும் அளவுக்காவது பள்ளி ஆண்டு விழா மேடையை யாராவது பார்த்திருப்பார்களா? அங்கே நாற்பது பிள்ளைகள் ஒரே தாளத்துக்கு ஒரே நேரத்தில் குதிக்கிறார்கள். மேடைக்கு அதைவிடக் கடுமையான சோதனை எந்தப் பொறியியல் கூடத்திலும் கிடையாது. தலைவர்கள் நடக்கத்தான் செய்வார்கள், பிள்ளைகள் குதிப்பார்கள். அமைச்சர் உயிருக்குச் செயற்பொறியாளர் கையெழுத்து, ஆறாம் வகுப்புப் பிள்ளையின் உயிருக்கு “அதெல்லாம் தாங்கும்ணே”.

ஆனால் வடசென்னைக்காரர்களுக்கு ஏன் இது உறைப்பதில்லை என்று கேட்டால், அவர்கள் வீடே தாங்காதபோது மேடையைப் பற்றி என்ன கவலை? 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில் புத்தம் புதிய சுவரின் பூச்சு கைபட்டதும் உதிர்ந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ஐ.ஐ.டி.யைக் கூப்பிட்டு ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட குடிசை மாற்று வாரியக் கட்டடம் அப்படியே உட்கார்ந்தது. விரிசலைப் பார்த்து மக்களே அவசரமாக வெளியேறியதால் உயிர்கள் தப்பின. அங்கே ஆய்வு நடத்திச் சான்று கொடுத்தது விரிசல்தான். நிரந்தரக் கட்டடத்தின் கதி இது. தற்காலிகத்தைப் பற்றிக் கேட்டால், “ஒரு ராத்திரிக்குத்தானே” என்று சிரிப்பார்கள்.

ஒரு ராத்திரிக்கு அல்ல. இதுதான் எல்லாரும் தவறவிடும் இடம். கூட்டம் ஒரு ராத்திரிக்கு. இரும்பு பல வருடத்துக்கு. இன்றைக்கு வந்து பார்க்கிற பொறியாளர் இன்றைக்கு நிற்கும் மேடையைத்தான் பார்க்கிறார். அந்தக் கால் இதுவரை எத்தனை தடவை லாரியிலிருந்து எறியப்பட்டது, எத்தனை மழையில் கால்வாய் ஓரத்தில் கிடந்தது, எந்தக் கூட்டத்தில் வளைந்து எந்தக் கல்யாணத்துக்காக நிமிர்த்தப்பட்டது என்பது அவருக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. அதற்கு ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், பேசின் பிரிட்ஜ் பாலத்தின்மேல் நின்று கீழே பார்த்தால் போதும்.

கீழே இருப்பது ரயில்வே யார்டு. சென்ட்ரலுக்கு வந்து திரும்பும் வண்டிகளைக் கழுவித் துடைத்துப் பழுதுபார்க்கும் இடம். அங்கே நிற்கும் எந்தப் பெட்டியின் முனைச் சுவரையும் பாருங்கள். கடைசியாக முழுப் பழுதுபார்ப்பு நடந்தது எந்தப் பணிமனையில், எந்தத் தேதியில், அடுத்து எப்போது திரும்பி வர வேண்டும் என்று பெயின்டில் எழுதியிருக்கும். தேதி தாண்டினால் பணிமனைக்குப் போயாக வேண்டும். அமைச்சர் போகும் வண்டிக்கும் அதே எழுத்து, முன்பதிவில்லாப் பெட்டிக்கும் அதே எழுத்து. ரயில்வே ஒன்றும் புனிதப் பசு இல்லை, அதன் குறைகளை எழுத இன்னொரு கட்டுரை வேண்டும். ஆனால் பெட்டிக்கு வயதிருக்கிறது, அதை நெற்றியில் எழுதி வைக்க வேண்டும் என்ற அளவுக்காவது அதற்குப் புத்தியிருக்கிறது.

வீட்டு கேஸ் சிலிண்டரின் மேல்வளையத்தைத் தாங்கும் பட்டையில்கூட அடுத்த சோதனைத் தேதி எழுதியிருக்கிறது. கூட்டத்துக்கு ஆள் ஏற்றி வரும் ஷேர் ஆட்டோவுக்கு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று உண்டு. சுவரில் தொங்கும் தீயணைப்பானுக்கும் காலாவதித் தேதி உண்டு. ஒலிபெருக்கியை இரவு 10 மணிக்கு நிறுத்தச் சட்டம் உண்டு. இத்தனை பேரும் சேர்ந்து வந்து ஏறி நிற்கும் அந்த இரும்புக் காலைத் திருப்பிப் பாருங்கள். வாடகைக்கு விடுபவரின் பெயரும் செல்போன் நம்பரும்தான் எழுதியிருக்கும். அடுத்த ஆர்டருக்கு.

ஆகவே, மாநகராட்சிக்கும் காவல்துறைக்கும், முக்கியமாக நாற்காலி கேட்டு மேடையேறும் அத்தனை கட்சிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாடகை மேடைக்கு எஃப்.சி. கொண்டுவாருங்கள். வருடத்துக்கு ஒரு முறை எல்லாக் கால்களும் சட்டங்களும் பலகைகளும் ஒரு பொறியாளர் முன்னால் வரட்டும். தேறியதில் தேதி அடிக்கட்டும், தேறாததை அங்கேயே இரண்டாக அறுத்துப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பட்டும். அறுக்காமல் விட்டால் அடுத்த வாரமே சில்வர் பெயின்ட் பூசிக்கொண்டு திரும்பி வரும். சாரக் குழாய்க்கும் இதே விதி. பந்தல்காரர்களின் பாக்கியைக் கட்சிகள் தீர்க்கட்டும், அந்தப் பணத்தில் நட்டும் பின்னும் வாங்கிக்கொள்வார்கள். கூட்டத்துக்கு அனுமதி கேட்டு வரும் விண்ணப்பத்தில் இரண்டு கேள்விகள் சேருங்கள்: இந்த மேடையின் இரும்பைக் கடைசியாகச் சோதித்த தேதி என்ன? சோதித்தவர் யார்? இரண்டுக்கும் பதில் எழுதாத விண்ணப்பத்தை, அது எந்தக் கட்சியுடையதாக இருந்தாலும், திருப்பிக் கொடுங்கள்.